வெளிச்சுவரிலிருந்து பதினொரு மில்லிமீட்டர்

அன்பிற்குரிய மைத்துனருக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் இல்லத்தில் அனைவரும் சுகம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் அனைவரும் சுகம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை உட்கார்ந்து படிக்கவும். வகுப்பறையில் வைத்துப் பிரிக்க வேண்டாம். பிள்ளைகள் முன்னால் கணக்கு வாத்தியார் முகம் மாறக் கூடாது.

உங்கள் அக்காவுக்குக் கருப்பையை எடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். தையல் பிரித்தாயிற்று. துணி வெட்டுமேசை முன்னால் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் நின்றுகொண்டே யாருக்கோ கோட்டு வெட்டுகிறாள். எடுத்த கருப்பையைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் அதன் தசைச்சுவருக்குள் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று அங்கே பார்ப்பார்களாம். பாதிச் சுவருக்குள் நின்றிருந்தால் ஒரு வைத்தியம், பாதியைத் தாண்டியிருந்தால் வேறு வைத்தியம், கவலையும் வேறு. சுவர் என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஈரச்சுவர் ஆய்வாளராக இருந்தவன் நான். மழைத்தண்ணீர் சுவரில் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று அளந்து எழுதுவதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறொன்றும் தெரியாது என்பதை உங்கள் அக்காவே பலமுறை உங்களிடம் சொல்லியிருப்பாள்.

ஆகவே யாரும் கூப்பிடாமலேயே பரிசோதனைக் கூடத்துக்குப் போய், நுண்ணோக்கி டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். “ஐயா, ரிப்போர்ட் வர இன்னும் நாலு நாள் ஆகும்”னு சொன்னாங்க. “அது வரட்டும்மா, சுவரைப் பத்தி மட்டும் சொல்லுங்க”ன்னேன். தங்கமான பெண். பாதி சாப்பிட்ட டப்பாவை மூடி வைத்துவிட்டு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். மேலே ஒரு வரிசை செல், தரைக்கல் பதித்ததுபோல. அதற்குக் கீழே மெல்லிய படலம். அதற்கும் கீழே தசைச்சுவர். செல்கள் ஒன்றையொன்று ஒட்டுப் புரதத்தால் பிடித்துக்கொண்டிருக்குமாம். புற்று செல்லுக்குள் ஏதோ ஒரு சுவிட்ச் அந்த ஒட்டை நிறுத்திவிடுமாம். பிடி விட்டதும் செல் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு, நீளமாகி, ஒரு நொதியைக் கக்கி, கீழே இருக்கிற படலத்தைக் கரைத்து, அந்த ஓட்டை வழியாகச் சுவருக்குள் நடக்கத் தொடங்குமாம். நடக்குமாம், மச்சான்! ஈரம்கூட ஊறத்தான் செய்யும், இது நடக்கிறது. “சுவிட்சை யாரும்மா அணைச்சது?”ன்னு கேட்டேன். “அதைத்தாங்க நாங்களும் தேடிக்கிட்டு இருக்கோம்”னாங்க. இதுவரை நான் பார்த்த நிபுணர்களில் தெரியாது என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவர்தான், அதனால் அவர் சொன்னதை எல்லாம் நம்பினேன்.

ரிப்போர்ட் வந்தது. நான்தான் போய் வாங்கினேன். ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்க்க வரும் புதன்கிழமைதான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ரிப்போர்ட் படிக்க எனக்கு இன்னொருவர் தயவு எதற்கு? ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று பிரித்தேன். சுவரின் மொத்தத் தடிமன் பதினைந்து மில்லிமீட்டர். புற்று, வெளிப்பரப்பிலிருந்து பதினொரு மில்லிமீட்டர். தாங்கள் கணக்கு வாத்தியார், நான் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு எழுபத்து மூன்று. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். இதில் வேடிக்கை என்னவென்றால், கீழே முடிவு என்று போட்ட இடத்தில் ‘ஊடுருவல் பாதிக்கும் குறைவு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பதினைந்தில் பதினொன்று எந்த ஊர்க் கணக்கில் பாதிக்கும் குறைவு? எனக்குப் புரிந்துவிட்டது. இரக்கப்பட்டுப் போட்டிருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். வயதான தம்பதி குடியிருந்த ஒரு வீட்டில் சுவர் முழுக்க ஊறிக் கிடந்தது, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ‘லேசான ஈரம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன்தானே நான். ‘ஒட்டுப் புரதம் நன்றாக உள்ளது, ரத்தக் குழாய்களில் புற்று இல்லை’ என்றும் போட்டிருக்கிறது. ஒட்டு நன்றாக இருக்கும்போதே பதினொன்று என்றால், அதுவும் விட்டுப்போனால் என்ன கதி? ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஒன்பது நாளில் வீட்டு வேலை முழுவதையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அதன் பலனைக் கேளுங்கள். வாடிக்கையாளர் ஒருவரின் வெள்ளைச் சட்டையை நீலத் துணியோடு துவைத்தேன். இஸ்திரிப்பெட்டியைக் கோட்டின் மேலேயே வைத்துவிட்டு ‘பதினொன்று, பதினொன்று’ என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனேன். வீடெல்லாம் தண்ணீர். அது கீழ்வீட்டுக் கூரையில் இறங்கவே, கீழ்வீட்டுக்காரர் வரிந்துகட்டிக்கொண்டு மேலே வந்தார். “ஏங்க, ஈரம் பாக்குற ஆளு மேல இருக்காருன்னு நம்பித்தானே குடிவந்தோம், இப்படிப் பண்ணலாமா?”ன்னு கத்தினார். மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே, மச்சான்? நான் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய், நாற்காலி போட்டு ஏறி, கறையை அளந்து, “பயப்படாதீங்க, பாதிக்கும் குறைவுதான்”னு சொன்னேன். சொன்னதுதான் தாமதம், அழுகை வந்துவிட்டது. நாற்காலி மேல் நின்றபடி டேப்பும் கையுமாக அழுதேன். அந்த மனுஷன் பாவம், “ஐயா, கூரைக்காகவா அழறீங்க, நானே பெயிண்ட் அடிச்சுக்கறேன், முதல்ல இறங்குங்க”ன்னு என் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டார்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். புதன்கிழமை டாக்டர் எப்படியும் போட்டு உடைத்துவிடுவார். அதற்கு முன்னால் உங்கள் அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், இவளிடம் முடியவில்லை. எனக்கு இவளை விட்டால் யாரும் கிடையாது, இது உங்களுக்கும் தெரியும், அவளுக்குத்தான் தெரியுமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் லீவு போட்டுவிட்டு வாருங்கள். வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வாருங்கள். நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நான் அந்த நேரம் மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தங்கள் இல்லத்தாருக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும் சேரட்டும். எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வழக்கத்துக்காக அல்லாமல் மெய்யாகவே வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் கணவன்

பின்குறிப்பு: மேலே கண்ட எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை வெட்டுமேசையில் வைத்துவிட்டுத் தபால்தலை வாங்கப் போனேன். வெட்டுமேசை யாருடையது என்பது திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. உங்கள் அக்கா கடிதத்தையும் படித்து, என் பழைய கோப்பில் ஒளித்து வைத்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் படித்து முடித்திருந்தாள். “ஏங்க, இது கருப்பையோட லைனிங்ல ஆரம்பிச்ச நோய். லைனிங் எந்தக் கோட்டுலயாவது வெளியில இருக்குமா? இது உள்ளேர்ந்து வெளிய வருது. வெளிப்பக்கத்துலேர்ந்து பதினொன்னுன்னா, அந்தப் பதினொன்னும் சுத்தமா இருக்குன்னு அர்த்தம். உள்ள போனது நாலுதான்”னாள். மழை வெளியிலிருந்துதானே வரும்னு சொல்லிப் பார்த்தேன். “மழை வரும். முதல் நாளே டாக்டர் எல்லாத்தையும் விளக்கினார், நீங்கதான் அவர் ஜன்னல் ஓரத்து ஈரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க”ன்னாள்.

நம்பாமல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “உங்க வீட்டம்மா சொல்றதுதாங்க சரி. நாலு மில்லிமீட்டர். நல்ல ரிப்போர்ட்தான்”னு சொன்னார். மேற்கொண்டு ஏதும் வேண்டுமா என்பதைப் புதன்கிழமை டாக்டர் சொல்வாராம். எப்படியும் அடிக்கடி போய்க் காட்ட வேண்டியிருக்குமாம். காட்டுவோம், அதற்கென்ன.

எனவே தாங்கள் லீவு போட வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். உங்கள் அக்கா விடவில்லை. அவளே மடித்து, உறையில் போட்டுக்கொண்டிருக்கிறாள். “முப்பது வருஷமா இந்த மனுஷனுக்குச் சுவர் மேலதான் அக்கறைன்னு தம்பிகிட்ட புலம்பியிருக்கேன். அவனும் படிக்கட்டும்” என்கிறாள். சொல்லிவிட்டு அழுகிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒன்று செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள்.