சந்திரன் சாரின் மேசைப் பேச்சு

பொதுமக்களின் நலன் கருதி ஜவ்வாது மலை மேல் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. மனுக்கள் மறுஆய்வுக் கிளை என்று பெயர். அதன் பொறுப்பாளர் சந்திரன் போளூரிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வருவார், கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் இறங்கிப் போவார். இடைப்பட்ட நேரத்தில் ஆன்லைனில் போக்கர் ஆடுவார். பணம் வைத்து அல்ல. அது குற்றம், அவர் சட்டத்தை மதிப்பவர். ஆப்பில் இலவசமாகத் தரும் பொம்மைச் சில்லுகளை வைத்துத்தான்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கையில் நல்ல சீட்டு இருந்தால் ஜெயிக்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டாலும், மற்றவர்களைப் பயமுறுத்திச் சீட்டைக் கவிழ்த்து விலக வைத்தால் ஜெயிக்கலாம். நம் அலுவலகங்களைப் பார்த்துத்தான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளத் திரையின் ஓரத்தில் 'மேசைப் பேச்சு' என்று ஒரு பெட்டி உண்டு. மற்றவர்கள் அதில் கெட்ட வார்த்தை எழுதுவார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் சந்திரன் சாருக்கு அதெல்லாம் மறந்துவிட்டது. ஒருநாள் கையில் உருப்படியான சீட்டு எதுவும் இல்லாமல் முழித்தவர், பழக்க தோஷத்தில் எழுதினார்: "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. நாளை வரவும்."

ஆட்ட மேசையில் இருந்த மற்ற ஐந்து பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள்.

அதில் மதுரைக்காரர் ஒருவர் மூன்று ராஜா வைத்திருந்தாராம். "ஏனோ தெரியல, அந்த வரியப் பாத்ததும் எதுவும் நடக்காதுன்னு தோணிருச்சு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் "ஜெராக்ஸ் தெளிவாக இல்லை" என்று எழுதினார் சந்திரன். சேலம் சுருண்டது. "உரிய அலுவலர் விடுப்பில் உள்ளார்" என்றதும், ஊரை விட்டுப் போய்ப் பதினைந்து வருஷமான துபாய்த் தமிழர் ஒருவர் ஆப்பையே அழித்துவிட்டார். ஒரே மாதத்தில் தமிழ் மேசைகளில் சந்திரன் முதலிடம்.

இந்தச் செய்தி மேலதிகாரி ஆனந்தன் காதுக்கு எட்டியது. வேறோர் அதிகாரியாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார். ஆனந்தனோ, ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் மைண்ட்செட் பயிற்சி முடித்து வந்தவர். அதன் பிறகு அவருக்குச் சர்க்கரை ஏறினாலும் மைண்ட்செட், பஸ் பஞ்சரானாலும் மைண்ட்செட்.

"சந்திரன், இது சீட்டாட்டம் இல்ல. ஆராய்ச்சி. எதிராளியோட மைண்ட்செட்ட ஒரே வரியில உடைக்கிறீங்க! அறிக்கை எழுதுங்க. வியாழக்கிழமை நேர்ல வர்றேன், செய்முறை விளக்கம் காட்டுங்க."

'அரசு நடைமொழியில் அமைந்த மேசைப் பேச்சின் உளவியல் தாக்கம்' என்ற அறிக்கை, நாற்பது பக்கத்தில், மூன்றே நாளில் தயாரானது. அந்த அலுவலகத்தில் உரிய நேரத்தில் முடிந்த முதல் வேலை அதுதான். என் வயிறு எரிந்தது.

ஏன் என்று கேட்பீர்கள். நான் அந்த அலுவலக வாசல் பெஞ்சில் பட்டா மாற்றத்துக்காக ஒன்பது மாதமாக உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பக்கத்து இடம் பாஞ்சாலையுடையது. சாமையும் புளியும் விளைவிக்கிற மலைக்காரப் பெண்மணி. மகள் பிரியதர்ஷினிக்குச் செங்கத்துப் பக்கம் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எஸ்.டி. சான்றிதழைக் காட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள். மனு கொடுத்துப் பதினாலு மாதமாக அம்மாவும் மகளும் அந்தப் பெஞ்சில்தான்.

மலையில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்த வாசலில் மட்டும்தான். பொழுது போகட்டும் என்று மகள் அம்மாவின் போனில் ஒரு சீட்டாட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். பாஞ்சாலைக்கு எழுத்து தட்டத் தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும். ஆட்டத்தில் அவர் பெயர் 'சாமை'.

வியாழக்கிழமை ஆனந்தன் வந்தார். அலுவலக உதவியாளர் சின்னப்பராஜ் டீ வைத்தார். திரையில், ஆட்ட மேசையில் ஆறு பேர். ஜன்னல் வழியே நானும் எட்டிப் பார்த்தேன். சந்திரன் வழக்கமான வரியைத் தட்டினார். நாலு பேர் உடனே கவிழ்த்தார்கள். ஆனந்தன் கைதட்டினார்.

சாமை மட்டும் கவிழ்க்கவில்லை. "பரவால்லீங்க, உக்காந்துக்கறேன்" என்று பதில் வந்தது.

சந்திரன் அடுத்த வரியைத் தட்டினார். "தங்கள் விண்ணப்பத்தில் இணைப்பு விடுபட்டுள்ளது."

"மூணு தபா குடுத்துட்டேங்க. இன்னொரு தபா வேணும்னாலும் தர்றேன்."

"சர்வர் வேலை செய்யவில்லை!"

"செய்யற வரைக்கும் உக்காந்துக்கறேன்."

சந்திரன் ஆத்திரத்தில் இருந்த சில்லு முழுவதையும் நடுவில் தள்ளினார். சாமையும் தள்ளினார். சீட்டுகள் திறந்தன. சந்திரனிடம் ஒன்றுக்கும் உதவாத ஒரு ரெண்டு, ஒரு ஏழு. சாமையிடம் ஒரு ஜோடி நாலு; அதுவே போதும். முதலிடம் போயிற்று.

"யாருய்யா இந்தச் சாமை?" என்றார் ஆனந்தன்.

"ஜெயிச்சிட்டன்டி பிரியா!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. அடுத்த நொடி அதே வரி திரையில் வந்தது. சின்னப்பராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சார், நம்ம பெஞ்சுக்காரம்மா" என்றார்.

பாஞ்சாலையை உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீங்க மட்டும் ஏம்மா பயப்படல?"

"பதினாலு மாசமா இதத்தான சார் கேக்கறேன். இன்னா புதுசா இருக்குது? அவுரு கையில எதுனா இருந்தா பேசவே மாட்டாரு, கையெழுத்து போட்டுத் தூக்கிப் போடுவாரு. ஒண்ணும் இல்லாதப்பதான் நாளைக்கி வா, தங்கள் மனுன்னு மரியாதயா பேசுவாரு. எம்பொண்ணு பைலு கேட்டா ரொம்ப மரியாதயா பேசறாரு சார். பைலு இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

சின்னப்பராஜ் மெல்ல, "போன வருஷம் மழையில கூரை ஒழுகிச்சி சார். அந்த பைலு அன்னிக்கே கஞ்சி" என்றார்.

சந்திரன் தலையைத் தொங்கப் போட்டார். ஆனந்தனின் முகமோ மலர்ந்தது.

"அற்புதம்! இந்தம்மாவுக்கு இப்படி ஒரு மைண்ட்செட்ட யார் குடுத்தது? இந்த அலுவலகம்! பதினாலு மாசம் இலவசப் பயிற்சி! உடனே ஒரு பொறுமைச் சான்றிதழ் குடுங்க."

"நாளைக்கி கடைசி நாள் சார், எம்பொண்ணு சான்றிதழு..."

"அது பரிசீலனையில் இருக்கும்மா. இத முதல்ல வாங்குங்க."

பத்தே நிமிஷத்தில் தட்டச்சு முடிந்தது. கௌரவமாக இருக்கட்டும் என்று சந்திரன் ஜோடித்து எழுதியிருந்தார்: 'ஜவ்வாது மலையில் தலைமுறைகளாக வாழும் பட்டியல் பழங்குடி இனத்தைச் சேர்ந்த திருமதி பாஞ்சாலை, அவர்தம் மகள் செல்வி பிரியதர்ஷினி ஆகியோர் இவ்வலுவலகத்தில் பதினான்கு மாதங்கள் பொறுமை காத்தமைக்காக...' இரண்டு கையெழுத்து, மூன்று முத்திரை. பிரியதர்ஷினி அதை ஒருமுறை படித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

கல்லூரியில் முத்திரையைப் பார்த்தார்கள். பட்டியல் பழங்குடி என்ற இடத்தில் அடிக்கோடு போட்டார்கள். மிச்சத்தைப் படிக்கும் வழக்கம் அங்கேயும் இல்லை. பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது மலையில் யாரும் வேறு சான்றிதழ் கேட்பதில்லை. எல்லோருக்கும் பொறுமைச் சான்றிதழ்தான் வேண்டும். வாசலில் புதிதாக ஏழு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். திறந்து வைத்தவர் ஆனந்தன். எனக்கும் பதினாலு மாதம் நிறைந்த அன்று, பட்டா மனுவை விட்டுவிட்டு முதல் ஆளாக உள்ளே போய், "பதினாலு மாசம் ஆச்சுங்க, எனக்கும் குடுங்க" என்று கேட்டேன்.

சந்திரன் சார் எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு ஒரு சுற்றறிக்கையைக் காட்டினார். காத்திருந்ததற்கு ஆதாரமாக முதலில் காத்திருப்புச் சான்றிதழ் பெற வேண்டுமாம். அதைப் பெறுவதற்காகக் காத்திருக்கும் காலம், காத்திருப்பாகக் கருதப்படமாட்டாதாம்.

"பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.