தரை அளவில் நாலரை மீட்டர்

பெரும் மதிப்புக்கும், இந்த ஒரு மாதமாகப் பெரும் பயத்துக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டம்மாவும், மாப்பிள்ளையும், தங்கள் பெயர்ப்பலகைக் கடையும் நலமாக இருக்க விரும்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதியது ஒரு வழக்கத்துக்காக. அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்க வேண்டாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, போன் மணி அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. வரும் மாதம் நம் பிள்ளைகளின் கல்யாணம் முடிந்ததும், மண்டபத்திலிருந்து தங்கள் வீடு வரைக்கும் மணமக்கள் ஏறிப் போக வேண்டும் என்று தாங்கள் ஆசைப்படுகிற என் பந்தயக் கார் இருக்கிறதே, அது ஒரு சாண்தான் இருக்கும். சரியாகச் சொன்னால் ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவு.

"அப்போ இத்தனை நாளா எங்கிட்ட புளுகினீங்களா?" என்று தாங்கள் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. இல்லை சம்பந்தி. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதுதான் சங்கடமே.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு ஏரி எவ்வளவு அகலம் என்று மேலதிகாரி கேட்டால், காகிதத்தில் அது இரண்டு விரற்கடைதான் இருக்கும், ஆனால் இரண்டு விரற்கடை என்று எவனாவது சொன்னால் அன்றோடு அவன் பிழைப்புப் போச்சு. தரையில் எவ்வளவோ அதைத்தான் சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்க அப்படிச் சொல்லியே பழகியதால் காகிதத்து அளவு என் வாயில் வரவே வராது, தரை அளவுதான் வரும். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போக வேண்டுமே என்று பந்தயக் கார் மாடல் கட்டத் தொடங்கினேன். இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு உதிரிகள் இருக்கும், ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து, என் மனைவி தலை காயவைக்கும் மெஷினால் காயவைத்து (அவள் அதைத் தேடும்போது நானும் சேர்ந்து தேடுவேன்), மகளின் பழைய ரிப்பனைக் கிழித்து சீட் பெல்ட் வைத்து, அந்த பெல்ட்டுக்கு ஸ்டேப்ளர் பின்னை வளைத்துக் கொக்கி போட்டு, டயர்மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால் எழுத்து எழுதி, இப்படி ஒரு வண்டிக்கு ஒரு வருஷம் ஓடிவிடும். ஸ்டீயரிங் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஒரு நாள் அது இடுக்கியிலிருந்து துள்ளி விழுந்து, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உட்பட வீட்டில் இருந்த எல்லோரும் முட்டி போட்டுத் தேடினோம். கடைசியில் அது என் மனைவியின் கொண்டைக்குள் இருந்தது. சாயந்தரம் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு கடைத்தெருவெல்லாம் போய்வந்திருக்கிறாள்.

மாடல் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டி முடித்ததும் அதை நிஜ வண்டி போலவே படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் சிமென்ட் அச்சு அசல் பந்தயப் பாதை போலவே இருக்கும். வண்டியை அதன்மேல் வைத்து, போனைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸை சிமென்டோடு ஒட்டவைத்து எடுத்தால், தூரத்துக் கட்டடங்கள் எல்லாம் பின்னால் ஒதுங்கி நிற்க, வண்டி நிமிர்ந்து நிற்கும். அப்படி எடுத்த படத்தைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். பெண் பார்க்கத் தாங்கள் வருகிறீர்கள் என்றதும் என் மனைவி, "வர்றவங்க பெரிய மனுஷங்க, வீடு பொம்மைக் கடை மாதிரி இருக்கக் கூடாது" என்று என் வண்டிகளை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். படத்தை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் பின்னால் சுவர் பெயர்ந்திருப்பது தெரிந்துவிடும்.

தாங்கள் நாற்காலியில்கூட உட்காரவில்லை. நேராக அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றீர்கள்.

"யாரு வண்டிங்க இது?"

"என்னுதுதாங்க. நானே கட்டினது."

"நீங்களேவா? அடேங்கப்பா. நீளம் என்ன இருக்கும்?"

"நாலரை மீட்டர்."

"வேகம்?"

"முந்நூறு தாண்டும்."

இதில் எது பொய் என்று தாங்களே சொல்லுங்கள். தரை அளவில் நாலரை மீட்டர்தான். ஓடினால் முந்நூறு தாண்டும்தான். "ஆனா மாடலுங்க" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், அதற்குள் தாங்கள் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டீர்கள். கட்டிப் பிடித்துக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்து, "டேய், உன் மாமனாரு சாதாரண ஆளு இல்லடா, நம்ம குடும்பத்துல இப்படி ஒரு மனுஷன் வரணும்" என்று சொன்னீர்கள். சம்பந்தி, உண்மையைச் சொல்கிறேன், இந்த வண்டிகளுக்காக என்னைத் திட்டியவர்கள் உண்டு, பாவம் வயசாச்சு என்று விட்டவர்கள் உண்டு, கட்டிப் பிடித்தவர் யாரும் இல்லை. சந்தோஷத்தில் சொல்ல வந்ததையே மறந்துவிட்டேன். அது ஞாபகம் வருவதற்குள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டோம். போகும்போது அந்தப் படத்தை ஆசையாகத் தங்கள் போனிலும் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. நான் கடுகை வைத்துக்கொண்டு அதைப் பூசணிக்காயாகக் காட்ட வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன். முதல் போன், "சம்பந்தி, மணமக்கள் உங்க வண்டியிலதான் ஊருக்குள்ள வரணும், நான் எல்லாருக்கும் சொல்லிட்டேன்." அடுத்த போன், "பந்தயக் கார்ல ஒரு சீட்டுதானே இருக்கும், பொண்ணு எங்க உக்காரும்?" நான், "பாத்துக்கலாங்க" என்றேன். எதைப் பார்ப்பது? அதற்கு அடுத்து, "மண்டபத்து கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லணுமா, இல்ல வண்டி கேட்டுக்கு அடியிலயே வந்துடுமா?" பந்தயக் கார்கள் தாழ்வாக இருக்கும் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது வியந்தேன். "நின்னுபோச்சுன்னா தள்ளிவிட எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டீர்கள். "ஒரு ஆள் போதுங்க" என்றேன். அதுவும் உண்மைதான்.

போனை வைத்த கையோடு தெருமுனை மெக்கானிக்கிடம் ஓடினேன். அவரை இங்கே எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மாடலை அவர் மேஜையில் வைத்து, "இதை நிஜ அளவுல செய்ய முடியுமா?" என்று கேட்டேன். அவர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார், அடியில் பார்த்தார், "செஞ்சுடலாம் சார், ஒரு பழைய கார் மட்டும் குடுங்க, மேல் பாதியை வெட்டி எறிஞ்சிட்டு மிச்சத்தை இழுத்து விட்டுடலாம்" என்றார். பழைய காருக்கு எங்கே போவேன்? எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் என் மைத்துனரின் கார் ஒன்று கீழே உறை போட்டுக் கிடக்கிறது. அவர் அதை எடுப்பதே இல்லை, கேட்டால் தருவார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்பதற்கு முன்னால் அளவையாவது எடுத்துவைப்போமே என்று உறையை விலக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, பழக்கதோஷத்தால் அதன்மேல் அழகான கையெழுத்தில் 'இங்கே வெட்டவும்' என்று எழுதினேன். அம்புக்குறியும் போட்டேன். என் போதாத காலம், கார் உறையில் எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க மைத்துனர் அன்றைக்குத்தான் இறங்கி வந்தார்.

"அத்தான், இது என்ன?"

"கோடு."

"அது தெரியுது. யாரு கார் இது?"

"உங்களுதுதான் மாப்ளே."

"அதுவும் தெரியுது."

அப்புறம் அவர் காரோடு சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார், எழுந்து ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தார், மேலே போய் தன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்பானர் மட்டும் இன்னும் நம்பிக்கை இழக்கவில்லை. குப்பை லாரி ஒன்று ஏலத்துக்கு வருகிறதாம்.

போதும் சம்பந்தி. கார் போனால் போகட்டும், என் மானமும் போனால் போகட்டும், இரண்டும் சின்ன சைஸ்தான். ஆனால் என் பெண் தங்கள் வீட்டுக்கு வாழ வரப்போகிறவள். மாப்பிள்ளை பேரைச் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகிறது என்று எனக்குத்தான் தெரியும். நாளைக்கு அந்த வீட்டில் யாராவது, "உங்கப்பா பெரிய புளுகராச்சே" என்று ஒரு வார்த்தை சொல்லி, அவள் தலை குனிந்தால் அதை நான் தாங்கமாட்டேன். இதனால் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. ஆகவே கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கோபத்தை என்மேல் காட்டுங்கள். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் என்னைத் திட்டுங்கள், வந்து நிற்கிறேன். பிள்ளைகள் கல்யாணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ரிப்பனைக்கூட நான் கேட்காமல்தான் எடுத்தேன்.

பிள்ளைகள் இருவரும் எந்த அளவில் வைத்துப் பார்த்தாலும் குறைவில்லாமல் வாழ வேண்டும் என்று வாழ்த்தி, தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(இனியும் அப்படி எழுதலாம் என்றால்)

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கையில் தாங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு பெயர்ப்பலகை. 'பந்தயக் கார்கள் மட்டும் நிறுத்தும் இடம்.' தீப்பெட்டி அளவு. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் உயரமான கம்பம், அடியில் நிற்க ஒரு பீடம். கூடவே தங்கள் கைப்பட ஒரு துண்டுச் சீட்டு.

"சம்பந்தி, உங்க படத்தை மண்டப வாசல்ல வைக்கலாம்னு கடையில பெருசாக்கினோம். முன் டயர் பக்கத்துல பூனைக்குட்டி அளவுக்கு ஒரு கட்டெறும்பு நிக்குது. அன்னைக்கே எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நீங்களா எப்போ சொல்றீங்கன்னு பாக்கத்தான் தினமும் போன் போட்டேன். இப்போ உங்க மச்சான் காரை அறுக்கப் போனீங்கன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க, அதான் பயந்துட்டேன், விளையாட்டு போதும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். சின்ன வயசுலேர்ந்து எழுத்து எழுதித்தான் பொழைக்கிறேன். அந்த டயர்மேல நீங்க எழுதின எழுத்தை என்னால எழுத முடியாது. அன்னைக்குக் கட்டிப் பிடிச்சது பிடிச்சதுதான்."

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்பார்கள். என் வண்டி ஒரு கட்டெறும்பாலேயே தேய்ந்துவிட்டது. உள்ளே என் மனைவியும் மகளும் மாப்பிள்ளையும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். "உனக்கும் தெரியுமா?" என்று மகளைக் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்பா. இது வெறும் விளையாட்டுன்னு ஸ்பானர் மாமாகிட்டகூட சொல்லிட்டோம். அவர்தான் நம்ப மாட்டேங்கிறார்" என்கிறாள். நானும் சிரித்துவிட்டேன் சம்பந்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கள் பலகையை ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். கம்பம் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடுதல், மற்றபடி அளவு சுத்தம். ஆகவே மேலே எழுதிய மன்னிப்பு அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பேச்சென்றால் பேச்சு. கல்யாணத்தன்று வண்டி மண்டப வாசலுக்கு வந்துவிடும். கொண்டுவருவது என் பொறுப்பு. மணமக்களை அதில் ஏற்றுவது தங்கள் பொறுப்பு.