ஸ்டாப் அண்ணாச்சியின் சாட்சி

குவைத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனியை ஒற்றை ஆளாக நிறுத்தக்கூடியவர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் ஃபர்வானியாவில் எங்கள் அறையில்தான் இருந்தார். குழாய் சோதிக்கும் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் ஸ்டாப் அண்ணாச்சி.

எண்ணெய் சைட்டுகளில் ஒரு விதி உண்டு. ஆபத்து என்று தோன்றினால் கடைசித் தொழிலாளியும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கி "ஸ்டாப்" என்று கத்தலாம். வேலை நின்றாக வேண்டும். தினமும் காலையில் இதைப் பல மொழிகளில் சொல்லிக் கொடுப்பார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள். அதன்பிறகு யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். தூக்கினால் ஃபோர்மன் முறைப்பான். அந்த விதியை மெய்யென்று நம்பியவர் அண்ணாச்சி மட்டும்தான்.

நம்பிக்கை சைட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் அறையில் சமையல் செல்லத்துரை; அண்ணாச்சியின் கம்பெனியிலேயே டிரைவர். அவர் சாம்பாருக்குத் தாளிக்கும்போது ஒரு நாள் கைகள் உயர்ந்தன.

"ஸ்டாப்! எலே, எண்ணெய் பாட்டில் அடுப்புக்குப் பக்கத்துல இருக்கு."

"கடுகு வெடிச்சிட்டு அண்ணாச்சி! இப்ப நிறுத்துனா கருகிரும்!"

"கடுகு கருகலாம்லே. நீ கருகக் கூடாது."

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் குத்துவிளக்கை மேடைத் திரையை ஒட்டி வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் மெழுகுவத்தியோடு குனிந்தபோது கடைசி வரிசையிலிருந்து "ஸ்டாப்!" என்று குரல் வந்தது. விளக்கை நகர்த்தித் திரையை இழுத்துக் கட்டி முடிப்பதற்குள், மெழுகு உருகி விருந்தினரின் விரலுக்கு வந்துவிட்டது. அவர் அன்று பேச எழுந்தபோது தமிழைவிட விரலைத்தான் அதிகம் கவனித்தார்.

நான் அங்கே ஓர் ஆங்கில நாளிதழில் துணையாசிரியர். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது வெளிநாட்டுச் செய்தி ஒன்றைச் சொன்னேன். ஆப்பிரிக்கக் கழிமுகம் ஒன்றில் எண்ணெய்க் குழாய் உடைந்து ஆறு கறுத்துவிட்டது. கரையோர மீனவர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். குழாய் கசிவதாகத் தொழிலாளிகள் யாருமே எச்சரிக்கவில்லை என்பது குழாய்க்குச் சொந்தக்கார எண்ணெய்க் கம்பெனியின் வாதம்.

அண்ணாச்சியின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது.

"யாருமே சொல்லலையா? நான் சொன்னேம்லா!"

குவைத்துக்கு வருமுன் அவர் வேலை பார்த்தது அந்தக் குழாயில். குழாய் மூட்டில் எண்ணெய் ஈரத்தைப் பார்த்ததும் கைகளைத் தூக்கியிருக்கிறார். ஃபோர்மன் "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்திப் பம்பை ஓட்டச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே இவரை ஊருக்கு அனுப்பிவிட்டான். சாம்பாரை நிறுத்துகிறவர் என்று இத்தனை நாள் சிரித்திருந்தோம். அவரோ ஓர் ஆற்றைக் காப்பாற்றப் பார்த்தவர்.

"மீனைக் கொன்னான், சனங்க பொழப்பைக் கெடுத்தான். அதுக்கு மேல, நான் ஸ்டாப் சொல்லவே இல்லைங்கானே! இது என்ன பேச்சு தம்பி?"

மீனவர்களின் வக்கீல்களை என்னைக் கொண்டே தேடிப் பிடித்தார். அவர்களுக்கு இப்படி ஒரு சாட்சி அதுவரை கிடைத்திருக்கவில்லை. சிக்கல் ஒன்றுதான். குவைத்தில் அண்ணாச்சிக்குச் சம்பளம் தரும் கம்பெனி, அதே எண்ணெய்க் கம்பெனியிடம்தான் வேலை எடுத்துச் செய்தது.

"விசா குடுத்த கபீலுக்குத் தெரிஞ்சா கலாஸ், எல்லாம் முடிஞ்சிரும் அண்ணாச்சி. விசா போயிரும். பேசாம இரும்" என்று செல்லத்துரை கெஞ்சினார்.

"அம்புட்டு சனமும் கோர்ட்டுல நிக்காவ. நான் ஏசியைப் போட்டுப் படுத்துக் கிடக்கவா?"

சாட்சியம் வீடியோவில் நடந்தது. அரிசி மூட்டைமேல் என் லேப்டாப். திரையில் இரு தரப்பு வக்கீல்கள். மொழிபெயர்த்தவர் லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஐயா, நீங்கள் கசிவை அவதானிச்சனீங்களோ?"

"அவதானிக்கல்லாம் இல்லய்யா. கண்ணால பாத்தேன்."

பிறகு கம்பெனி வக்கீல் மிக மென்மையாக ஒரு கேள்வி கேட்டார். பம்பு ஓடும் இரைச்சலில் உங்கள் குரல் யாருக்கும் கேட்டிருக்காது, அப்படித்தானே?

அண்ணாச்சி எழுந்தார். கைகள் உயர்ந்தன.

"ஸ்டாஆஆப்!"

சமையலறையில் செல்லத்துரை அடுப்பை அணைத்தார். மேல்மாடியில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த டிரில் நின்றது. அடுத்த அறை பெங்காலி கதவைத் திறந்து "க்யா ஹுவா, பாய்?" என்றார். லண்டனில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கம்பெனி வக்கீல் காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கினார்.

"கேட்டுச்சான்னு அவர்ட்ட கேளுங்கய்யா" என்றார் அண்ணாச்சி.

மேற்கொண்டு கேள்வியில்லை என்று பதில் வந்தது. யாரும் எச்சரிக்கவில்லை என்ற வாதத்தைக் கம்பெனி அதோடு கைவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது.

அண்ணாச்சியின் விசா புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டதற்கு "மாஃபி", இல்லை, என்று மட்டும் சொன்னார்களாம். விமான நிலையத்தில் செல்லத்துரை விம்மினார். "எதுக்குலே அழுத? நான் சொன்னேன்னு கோர்ட்டுல பதிஞ்சாச்சுல்லா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார் அண்ணாச்சி.

ஃபர்வானியாவில் ஒரு கட்டில் காலியானால் அன்று மாலையே ஆள் வந்து கேட்கும். எங்களிடமும் வந்தார்கள், வந்துகொண்டிருக்கிறார்கள். "ஆள் இருக்கு. லீவுல ஊருக்குப் போயிருக்காவ" என்று எல்லோரிடமும் சொல்கிறார் செல்லத்துரை. பொய்தான். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கட்டிலின் விரிப்பை நான் துவைத்துப் போடுகிறேன்.