மூன்று கிலோ வெங்காரமும் செபஸ்தியார் பீடத் துணியும்

சேசு மரி சூசை துணை

மதிப்புக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, கோலா பிலா எஸ்டேட் லயத்திலிருந்து தங்கை வீட்டுக்காரன் சந்தியாகு பணிவோடு எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமாயிருக்கவும், உங்கள் மகள் மிஷெல் பெற்ற பிள்ளை நன்றாகப் பால் குடித்துத் தேறி வரவும் தினமும் செபமாலையில் ஒரு அருள்நிறை கூட்டிச் சொல்லுகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுதவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கு அந்தச் செய்தி வரவேண்டாம்.

போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் போனை என் வீட்டுக்காரி பெட்ரிசியாதான் எடுக்கிறாள், எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் காகிதம். லாரிக்காரன் தேவன் சிரம்பானுக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து இதைக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படியுங்கள். விஷயம் இதுதான்: மிஷெலுக்கு ஒத்தாசைக்கு வந்த உங்கள் தங்கை சனிக்கிழமை பஸ் ஏறுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஏற விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியார் திருவிழாவாச்சே, அவள் எப்படி இருப்பாள் என்று கேட்பீர்கள். உங்களுக்கு முதுகுவலி என்று சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொல்லவேண்டாம், வாய் வைத்தால் பலித்துவிடும்.

நான் செம்பனை எண்ணெய் மில் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் பைப்பும் வால்வும் பற்றவைத்தவன். பித்தளை வைத்துப் பற்றவைக்கும்போது அந்த இடத்தில் போராக்ஸ் தூவினால்தான் பித்தளை உருகிச் சீராக ஓடும். வெங்காரம், வெங்காரம் என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அதுதான். போன ஆகஸ்டில் பென்ஷன் ஆனபோது மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு அது என்னத்துக்கு? ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு, மிச்சமிருந்த மூன்று கிலோ போராக்ஸைப் பிஸ்கட் டின்னில் போட்டு வாங்கி வந்தேன். கையில் ஒரு வேலை இருக்கிற மாதிரி இருக்கட்டுமே என்றுதான். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை மச்சான். காலை ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும்போது இன்னமும் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். இதைப் பார்த்துவிட்டு மகள் ஃபெலிசியா, "அப்பா, சும்மா உக்காந்து யோசிக்காதீங்க, இத பாருங்க" என்று கோலாலம்பூரிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். வீட்டில் போராக்ஸை என்னென்னவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

முதலில் எறும்பு. சீனியில் போராக்ஸ் கலந்து வைத்தால் எறும்பு தின்று, புற்றுக்குக் கொண்டுபோய், குடும்பத்தோடு ஒழியும் என்றாள் அந்த அம்மா. எட்டுத் தட்டில் வைத்தேன். ஒழிவதற்கு முன்னால் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வரும் என்பதை அவள் சொல்லவில்லை. லயத்தில் இருக்கிற அத்தனை எறும்பும் நம் வீட்டுக்கு வந்தன. பக்கத்து வீட்டு முத்தாயி வேலியோரம் வந்து நின்று, தன் வீட்டில் ஒரு எறும்பு இல்லை என்று எனக்கு நன்றி சொன்னாள். பெட்ரிசியா இரண்டு நாள் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு குவாலிச் சட்டியின் பிடி. கழன்று கிடந்ததை அருமையாகப் பற்றவைத்தேன், பற்று இன்றுவரை அசையவில்லை. ஆனால் மில் பைப்புக்குக் கொடுக்கிற சூட்டைக் குவாலிக்குக் கொடுத்துவிட்டேன் போல, அடி கோணிப்போய் அடுப்பில் ஆடுகிறது. மிஷெலுக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் பெட்ரிசியா பெட்டி கட்டிய வேகம் இருக்கிறதே, பிள்ளை ஆசையால் மட்டும் வந்த வேகம் இல்லை அது. பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பீடத் துணிய மட்டும் தொடாதீங்க. வந்து நானே தொவைக்கிறேன்."

தொட்டேன் மச்சான்.

இந்த வருஷம் சிற்றாலயத்துத் துணி துவைப்பது நம் வீட்டு முறை என்பது உங்களுக்குத் தெரியும். பீடத்துக்கு முன்னால் தொங்கும் வெள்ளைத் துணியில் பெட்ரிசியா ஏழு மாதம் குனிந்து உட்கார்ந்து திராட்சைக் கொடியும் கோதுமைக் கதிரும் தைத்ததும், அந்தக் கழுத்துவலியும் உங்களுக்குத் தெரியும். அவள் வந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்கட்டும், இந்த மனுஷனாலும் ஒரு காரியம் ஒழுங்காய் ஆகும் என்று ஒரு தடவையாவது நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதைத் தவிர வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை. சுடுதண்ணீரில் அரைக் கோப்பை போராக்ஸ், வெள்ளைத் துணி கண்ணைப் பறிக்கும் என்றாள் வீடியோக்காரி. மெஷினில் போட்டேன். அந்த நேரம் பார்த்து முத்தாயி ஒரு வாளியோடு வந்தாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப் புதுச் சேலையை மஞ்சளில் முக்கியிருக்கிறாள், தன் மெஷின் கெட்டுப்போச்சு, கொஞ்சம் பிழிந்து தரச் சொன்னாள். தண்ணீரும் கரண்டும் மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து இரண்டையும் ஒன்றாகச் சுற்ற விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் சிவப்பு. யாரையோ உள்ளே வைத்து வெட்டிய மாதிரி இருந்தது. நான் போட்டது வெள்ளை, அவள் போட்டது மஞ்சள், சிவப்பு எங்கிருந்து வந்தது? முத்தாயி எட்டிப் பார்த்து, கொஞ்சமும் பதறாமல், "என்னா அண்ணே, குங்குமம் செஞ்சிட்டீங்க? மஞ்சள்ல வெங்காரம் சேத்தாத்தானே குங்குமம். எங்கம்மா இப்படித்தான் செய்வாங்க" என்றாள். அறுபது வயசில் இதை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தன் சேலையை மறுபடி மஞ்சளில் முக்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, செபஸ்தியார் துணியைக் கொடியில் போடச் சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனாள்.

எலுமிச்சை பிழிந்தால் போகும் என்று பின்னாலிருந்து கத்தினாள். பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போகட்டும் என்று சோப்புப் போட்டேன், மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. மறுபடி எலுமிச்சை, மறுபடி மஞ்சள். மறுபடி சோப்பு, மறுபடி சிவப்பு. முப்பத்திரண்டு எலுமிச்சம்பழம் மச்சான், வெள்ளை மட்டும் வரவில்லை. கடைசியில் மஞ்சளாக இருக்கும்போதே கை ஓய்ந்துபோய்க் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இந்தத் துணியைப் பார்த்தால் பெட்ரிசியா கத்தமாட்டாள். கத்தினால் பரவாயில்லை. சும்மா பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள், அதை என்னால் தாங்க முடியாது.

போராக்ஸை அன்றைக்கே ஒழித்துவிட்டேன். டின்னைத் தூக்கிக்கொண்டு போய் நாலு வரிசைச் செம்பனைக்கு அடியில் கைப்பிடி கைப்பிடியாய் இறைத்தேன். தோட்டத்து மேற்பார்வை மண்டோர் பார்த்துவிட்டு, செம்பனைக்கு அது நல்ல உரம், இன்னும் இருந்தால் கொண்டு வாங்க என்கிறார். தூக்கி எறிவதுகூட ஒரு உபயோகமாகிவிட்டது. இனி இந்தச் சென்மத்தில் அந்த வெள்ளைத் தூளைக் கையால் தொடமாட்டேன் என்று செபஸ்தியார் மேல் ஆணையிட்டுச் சொல்லுகிறேன். எப்படியாவது அவளை அடுத்த வாரம் வரை அங்கேயே வையுங்கள்.

அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளையின் நெற்றியில் என் பேரைச் சொல்லி ஒரு சிலுவை போடுங்கள். தேவமாதா உங்கள் வீட்டுக்கு எப்போதும் காவலிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தயவையே நம்பியிருக்கும்
சந்தியாகு

பி.கு: தேவன் லாரி மூன்று நாள் தாமதமானதால் கடிதம் இங்கேயே கிடந்தது. அதற்குள் கொடியில் கிடந்த துணி மூன்று நாள் வெயிலில் தானாக வெளுத்து, பால் மாதிரி வெள்ளையாகிவிட்டது. மஞ்சளுக்கு வெயில் ஆகாதாம், இதையும் முத்தாயி இப்போதுதான் சொல்லுகிறாள். அரை நாள் நான் சொர்க்கத்தில் இருந்தேன். பிறகு ஃபாதர் நைஜல் போன் செய்தார். முத்தாயி எடுத்த போட்டோ ஊர் வாட்ஸ்அப்பெல்லாம் சுற்றி அவரிடம் போயிருக்கிறது. செபஸ்தியார் வேதசாட்சியாம், வேதசாட்சி திருநாளுக்குச் சிவப்புத்தான் முறையாம். இத்தனை வருஷத்தில் யாருக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியதே என்று என்னைப் பாராட்டினார். பெட்ரிசியாவுக்கும் போன் போட்டுச் சொன்னாராம். "எங்க வீட்டுக்காரர் செஞ்சதா ஃபாதர்?" என்று கேட்டு அழுதுவிட்டாளாம். முப்பத்தேழு வருஷத்தில் என்னால் அவள் சந்தோஷமாய் அழுதது இதுதான் முதல் தடவை. ஆகையால் மச்சான், மேலே எழுதியது ஒன்றையும் பொருட்படுத்த வேண்டாம். அவளைச் சனிக்கிழமையே அனுப்புங்கள், சாயந்தர பஸ்ஸில். அதற்கு முன்னால் லோபாக் ஹார்ட்வேர் கடையில் அரைக் கிலோ போராக்ஸ் வாங்கி இதே லாரியில் கொடுத்தனுப்புங்கள், மஞ்சள் முத்தாயி கரைத்து வைத்திருக்கிறாள். துணி வெள்ளையாக இருக்கிறது என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.