மல்லாட்டைப் பந்தயம்

"சூதாட்டத் தடை விதியே செல்லாதுங்க மேடம்!" என்று திண்டிவனம் கோர்ட்டில் முழங்கினார் வக்கீல் புகழேந்தி.

"அதை ஹைகோர்ட்ல போய்ச் சொல்லுங்க. இங்க உங்க கட்சிக்காரர் ஆடினாரா, இல்லையா?" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா.

ஆடத்தான் ஆடினார். ஓமந்தூர் மாசிலாமணி ஒரு மல்லாட்டைக் காயை, அதாவது வேர்க்கடலையை, தோலோடு காதருகே ஆட்டி, உள்ளே எத்தனை பருப்பு என்று சொல்வார். எதிராளி வேறு எண்ணைச் சொல்வார். தோற்றவர் டீ வாங்கித் தரவேண்டும். இதற்குப் போய் டீக்கடையிலேயே பிடித்துவிட்டார்கள். தண்டனை விழுந்தால் மார்க்கெட் கமிட்டி வாட்ச்மேன் வேலை போய்விடும். விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த புகழேந்தி சட்டென வாதத்தை மாற்றினார்.

"அதிர்ஷ்டத்தை நம்பி ஆடினாத்தாங்க மேடம் சூதாட்டம். இது திறமை!"

"அப்ப நிரூபிங்க."

சாட்சிப் பொருளாக வந்திருந்த மல்லாட்டைப் பையை அவிழ்த்தார்கள். மாசிலாமணி ஒரு காயை எடுத்துக் காதருகே ஆட்டினார். கண்ணை மூடினார்.

"ரெண்டு."

உடைத்தார்கள். இரண்டு!

"மூணு."

மூன்றேதான்!

"இது பொக்குங்க."

உள்ளே ஒன்றுமே இல்லை!

புகழேந்திக்கு மெய்சிலிர்த்தது. அடுத்து என்ன வாதாடுவது என்பதே மறந்துபோனது. டைப்பிஸ்ட் கையை நிறுத்திவிட்டார். டவாலி எட்டிப் பார்க்க நாற்காலி மேல் ஏறாத குறை. மாஜிஸ்திரேட் அம்மா தாமே ஒரு காயைப் பொறுக்கி, "இது?" என்று நீட்டினார்.

"ஒண்ணுங்கம்மா."

ஒன்று! அடடா, இப்படியும் ஒரு காதா!

அரசு வக்கீல் பிரபாவதி மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்தார். "இவ்ளோ கரெக்டாத் தெரிஞ்சவர் பந்தயம் கட்டினா, அது சூதாட்டம் இல்லைங்க மேடம். மோசடி!"

புகழேந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வழக்கைக் கஷ்டப்பட்டுப் பெரிய வழக்காக்கியாயிற்று.

"இன்னா சார், ஜெயிச்சிட்டோமா?" என்றார் மாசிலாமணி ஆசையாக.

"அவர் தோத்தும் இருக்காருங்க மேடம்!" என்று அவசரமாகச் சொல்லி, மாசிலாமணிக்கு வழக்கமாக டீ வாங்கித் தரும் ராயப்பனைக் கூண்டில் ஏற்றினார் புகழேந்தி. "ஒரு தடவையாவது நீங்க ஜெயிச்சிருக்கீங்கதானே?"

"ஒரு தபா கூட இல்லீங்க."

புகழேந்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தோப்போம்னு தெரிஞ்சும் எதுக்குய்யா தினம் பந்தயம் கட்டினீங்க?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட் அம்மா, கையிலிருந்த அடுத்த காயைக் கீழே வைக்காமலே.

ராயப்பன் மேசைமேல் கிடந்த தோலையும், சுற்றி நின்றவர்களின் முகத்தையும் பார்த்தார்.

"பந்தயமாங்கம்மா? இப்ப நீங்க அல்லாரும் ஆன்னு பாத்துக்கினு இருந்தீங்களே, அந்த வித்தையத் தெனம் பாக்கத்தாங்க நான் டீ வாங்கிக் குடுத்துக்கினு இருக்கேன்!"