சிவப்புக்கும் கருப்புக்கும் நான் செய்து வைத்த கல்யாணம்

யானையைவிட எனக்கு என் மாமனார்மேல்தான் பயம் அதிகம். இருவரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில், பத்தடி தூரத்தில் பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம். (இதை எழுதும்போது மாமனார் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். யானை இல்லை. ஆகவே குரலைத் தாழ்த்தித்தான் எழுதுகிறேன்.)

அப்போது அவர் முழு மாமனார் ஆகவில்லை. எனக்கும் அவர் மகள் கஸ்தூரிக்கும் பரிசம் போட்டு ஒரு மாதம்தான். நான் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கெலிண்டான், அதாவது ஓட்டுநருக்கு உதவியாள். கஸ்தூரிக்கு ஜொகூரில், செனாய் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. மாமாவுக்குப் பண்டார் தெங்காரா பக்கம் ஐந்து ஏக்கர். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுத் தன் கையாலேயே புதுக் கன்று நட்டிருந்தார். கல்யாணச் செலவைப் பற்றிப் பேசாத நேரமெல்லாம் அந்தக் கன்றுகளைப் பற்றித்தான் பேசுவார்.

செம்பனைக் குருத்து என்றால் யானைக்கு உயிர். அதனால் தோட்டத்தைச் சுற்றி மின்வேலி. மூலையில் ஒரு குடிசை. உள்ளே ஒரு பேட்டரி. அதிலிருந்து கரண்டு வாங்கி, நொடிக்கொரு தரம் ‘டக்... டக்...’ என்று கம்பிக்கு அனுப்பும் ஒரு பெட்டி. பேட்டரிக்கு ஊட்டக் கூரைமேல் ஒரு சூரியத் தகடு. கம்பியைத் தொட்டால் யானை சாகாது. ஆனால் மறுபடி தொடாது.

ஆண்டுக் கடைசி மழை. வெயிலே காணோம். பேட்டரி இரண்டு நாளில் படுத்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்தில் யானைச் சாணம் வேறு கிடந்ததாம்.

“இன்னொரு பேட்டரி வாங்கிட்டேன். மாட்டுறவன் செவ்வாக்கெழமதான் வருவானாம்,” என்றார் மாமா.

“அதுக்கு எதுக்கு மாமா ஆளு? லாரியில தெனம் பாக்குற வேலதானே!”

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் இத்தனை வயது வாழ்ந்ததே ஆச்சரியம்.

லாரியில் இரண்டு பேட்டரி உண்டு என்பது உண்மை. அவற்றை மாட்டும் பட்டறைச் சீனக் கிழவர் ஒவ்வொரு முறையும் “மேரா, ஹீத்தாம் காவின், பாரு ஜாலான்” என்று பாடிக்கொண்டேதான் மாட்டுவார். சிவப்பும் கருப்பும் கல்யாணம் கட்டினால்தான் வண்டி நகரும் என்று அர்த்தம். ஒன்றின் சிவப்பு முனையை மற்றதன் கருப்பு முனையோடு சேர்ப்பார். யார் எதை அழகாகச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிற ஜாதி நான். லாரிக்குச் சரியானது வேலிக்கும் சரிதானே?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. குடிசைக்குள் நான் கல்யாணத்தை முடித்து வைத்தேன். பெட்டி ‘டக்’ என்பதை விட்டு ‘டடாக்’ என்றது. அட, பலம் கூடிவிட்டதே என்று பூரித்தேன். பிறகு கருகல் வாடை. பிறகு மூலையிலிருந்து ஒல்லியாக ஒரு புகை. பிறகு பெட்டி நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது, நொடிக்கு நாலு தரம்.

“என்னா மாப்ள, ஆச்சிங்களா? சத்தத்தயே காணோம்?” வெளியிலிருந்து மாமா.

சொன்னால் கஸ்தூரி போய்விடுவாள். சொல்லாவிட்டால் கன்றுகள் போய்விடும். நான் என்ன செய்தேன்? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, “டக்... டக்...” என்றேன்.

“ஹா, இப்ப கேக்குது லா!”

அவர் கிளம்பியதும் யாரையாவது பிடித்துச் சரிசெய்துவிடலாம் என்பது திட்டம். அவரோ வேலியைச் சோதிக்க லாலாங் புல்லை ஒடித்தார். பச்சைப் புல்லால் கம்பியைத் தொட்டால் கை சுரீரென்னும்; அதுதான் அவருடைய மீட்டர்.

“நான் பாக்குறேன் மாமா!” புல்லைப் பிடுங்கிச் செத்த கம்பியில் வைத்து, “அலமாக்!” என்று அலறி, மூன்றடி பின்னால் விழுந்து, சேற்றில் உருண்டேன்.

மாமா மகிழ்ந்துபோனார். “நல்ல கரண்டு மாப்ள! இருந்து வேடிக்க பாத்துட்டே போலாம். அவங்க வந்து திரும்பிப் போறத நீங்களும் பாக்கணும்.” (தோட்டத்துக்குள் அவர் யானை என்று சொல்லமாட்டார்.)

ஆறு மணி இருக்கும். தூறல் விட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் புதர் தானாக விலகியது. முதலில் ஒரு தாய். பின்னால் குட்டி. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று.

மாமா எழுந்து வேலியை நோக்கி நடந்தார். கம்பிக்குப் பத்தடியில் போய், இடுப்பில் கை வைத்து நின்றார்.

“மாமா, வந்துருங்க!”

“பயப்படாதிங்க மாப்ள. கரண்டு இருக்குதில்ல? இப்ப பாருங்க, துள்ளப்போவுது!”

தாய் தும்பிக்கையை நீட்டியது. கம்பியை முகர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார், நான் போட்ட கரண்டை நம்பி. என் பயங்களிலேயே பெரிய பயம் அந்த ஒரு நொடியில்தான் இடம் மாறியது.

“கரண்டு இல்ல மாமா! பெட்டி எரிஞ்சிருச்சி! ஓடியாங்க!”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வேலிக்குத் தேவையான கரண்டு இருந்தது. அதே நேரம் வேலிக்கம்பம் ஒன்று முறிந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. இருந்தாலும் என்னை முந்திக்கொண்டு, குடிசையோரம் நிறுத்தியிருந்த தன் வேனுக்குள் ஏறினார். நான் ஏறியதும் நாலு கதவையும் பூட்டினேன். (யானைக்கு எதிராக வேன் கதவைப் பூட்டியவன் ஜொகூரிலேயே நானாகத்தான் இருப்பேன்.)

கண்ணாடிக்கு வெளியே குருத்துகள் முறியும் சத்தம்.

“எப்பப் போச்சி?” மாமா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“மூணேகாலுக்கு.”

“அப்ப அந்த டக்டக்?”

“நாக்கு, மாமா.”

“சேத்துல உருண்டியே?”

“நடிப்பு, மாமா.”

அன்றுவரை ‘நீங்க’ என்றவர் ‘நீ’க்கு இறங்கிவிட்டதை அந்த நிலையிலும் கவனித்தேன்.

வீட்டில் கஸ்தூரி முழுக்கதையையும் கேட்டாள். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. குளியலறையிலிருந்து இரண்டு வாளியைக் கொண்டு வந்தாள். ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கினாள். “இது தண்ணித் தொட்டின்னு வெச்சிக்குங்க. மேல மேல அடுக்குனா ஒசரம் கூடும், தண்ணி வேகமா பாயும். அதான் வோல்டேஜ். உங்க லாரிக்கு இருபத்து நாலு வேணும், அதனால சிவப்பயும் கருப்பயும் சேக்குறாங்க. பன்னெண்டு தாங்குற பெட்டிக்கு இருபத்து நாலக் குடுத்தா?” வாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “இப்பிடி, சிவப்போட சிவப்பு, கருப்போட கருப்பு. அதே வேகந்தான், ஆனா ரெட்டிப்பு நாளு வரும். அப்பா கேட்டது வேகமா, நாளா?”

“நாளு,” என்றேன்.

“கல்யாணத்துக்கும் நாளு இருக்கு,” என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “உங்க உசுருன்னு வந்தப்ப இவங்க வாயத் தொறந்துட்டாங்கல்ல?”

மாமா ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். “போன கன்னு அத்தனையும் அவன் கையாலயே நடணும். நட்டு முடிச்சாத்தான் தாலி.”

நட்டேன். மணமேடையில் ஐயர் மஞ்சள் அரிசி கொடுத்தபோது என் உள்ளங்கையில் காப்புக் காய்த்திருந்தது.

நான் நட்டவை மற்ற மரங்களைவிட ஓராண்டு இளையவை. இன்றைக்கும் தோட்டத்துக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல ஒரு குட்டை வரிசை, யானைகள் நடந்த வழியிலேயே வளைந்து போகிறது. மாமா அதற்கு மாப்பிள்ளை ரோடு என்று பெயர் வைத்தார். குலை வெட்ட வரும் இந்தோனேசியத் தொழிலாளர்கள் அதை ஜாலான் மெனந்து, மருமகன் சாலை, என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். போன வாரம் புது லாரி ஓட்டுநர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குலையெல்லாம் ஜாலான் மெனந்துவில் கிடக்கிறதாம், அது எந்தப் பக்கம் என்று கேட்டார்.

நான்தான் வழி சொன்னேன்.