அம்பாசிடருக்குப் போன முதுகுத் துண்டு

அநியாயம் நடந்தது என் அம்மா சுகிர்தபாய்க்கு. செய்தவர் என் அப்பா ஞானசிகாமணி: பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா, வீட்டு முற்றத்தில் தன்னைத்தானே நியமித்துக்கொண்ட மெக்கானிக். தையல்காரியான அம்மா, துணி வெட்ட அளவு வைப்பதற்காகப் பதினோரு வருஷமாக ஆணியில் தொங்கவிட்டுப் பாதுகாத்த முப்பத்தாறு அளவு பிளவுஸ் தாளின் முதுகுத் துண்டை, ஒரு வார்த்தை கேட்காமல் வட்டமாக வெட்டி, காரின் டிஃபரன்ஷியலுக்குப் பேக்கிங்காக வைத்துவிட்டார்.

எந்த வழக்கிலும் இரண்டு பக்கம் உண்டு என்பார்கள். இதில் கிடையாது. நான் விசாரித்துவிட்டேன்.

எங்கள் ஊர் பாறசாலையில் பாதிப் பேர் மாருதிக்கு மாறிவிட்ட காலத்தில் அப்பா வாங்கியது ஒரு கிழட்டு அம்பாசிடர். அதன் பின்சக்கரங்களுக்கு நடுவே இரும்புத் தொப்பை ஒன்று உண்டு. அதுதான் டிஃபரன்ஷியல். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணெய் முற்றத்தில் சொட்டியது. கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் ஹாஸ்டலிலிருந்து வந்து இறங்கியபோது தொப்பை திறந்து கிடந்தது. இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் கட்டித் தாளில் ஒரு வளையம் வைத்து முறுக்கினால் எண்ணெய் வராது. அந்தத் தாளுக்குத்தான் அம்மாவின் ஆணி வரை அப்பாவின் கை நீண்டிருக்கிறது.

சபைப் பாடகர் குழுவுக்குப் பதினெட்டு பிளவுஸ் பாக்கி. போதகரின் மனைவி முதல் ஆர்மோனியம் வாசிக்கும் ஆனந்தபாய் அக்கா வரை இந்த ஊரில் எல்லா முதுகும் அந்த ஒரு தாளிலிருந்துதான் ஆரம்பம்.

"அப்பா, அம்மாகிட்ட கேட்டியளா?"

"ஆணியில கெடந்த ஒரு தாளு, மக்கா. வேண்டியதுன்னு எழுதி ஒட்டியா வெச்சிருந்தா?"

"முப்பத்தாறுன்னு எழுதியிருந்துதே!"

"ஏதோ வீட்டு நம்பருன்னு நெனச்சேன்."

"எந்த வீட்டு நம்பரப்பா கைக்குழிக்குப் பக்கத்துல எழுதியிருக்கும்?"

"இதுக்காக்கும் உன்ன யூனிவர்சிட்டிக்கு அனுப்பினது!"

அம்மா கத்தவில்லை. தன்னுடைய பழைய பிளவுஸ் ஒன்றைத் தையல் பிரித்து, தாளில் வைத்துப் புது அளவு வரைந்துகொண்டே சொன்னாள்:

"போட்டும். ஆனா என் தாள வெச்சு ஓடப்போற வண்டி. அத நான் ஓட்டிப் படிக்கணும்."

இது புதிய கோரிக்கை அல்ல. தைத்த துணிக்கட்டோடு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் நசுங்கும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா கேட்பதுதான். அப்பா சிரித்தார். அதுவும் புதியது அல்ல.

"எட்டி, வண்டிக்க உள்ளு அறிஞ்சவன்தான் வண்டி ஓட்டணும்."

"பஸ் டிரைவருமாரெல்லாம் உள்ளு அறிஞ்சா ஓட்டுதாவ?" என்றேன் நான்.

ஜாக்கி இரவல் கொடுத்த பக்கத்து வீட்டுத் தாணு மாமன் மதிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பார்த்தால் அப்பாவுக்கு வீரம் வந்துவிடும்.

"நான் அடைச்ச டிஃபரன்ஷியல்ல இருந்து ஒரு சொட்டு ஒழுகட்டு. ஒரே ஒரு சொட்டு! சாவி உனக்கு. போய்ப் படி."

"தாணு அண்ணே, கேட்டுக்கிட்டியளா?" என்றாள் அம்மா.

"ஓ, பின்னே!" என்றார் மாமன்.

வேலையைப் பொறுத்தவரை அப்பாவைக் குறை சொல்ல முடியாது. நியாயம் நியாயம்தான். பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டினார். இரண்டு முகத்தையும் பெட்ரோலில் துடைத்தார். பசை தடவி, அம்மாவின் முதுகுத் துண்டை வைத்து, அதன் மேல் மறுபடி பசை. நட்டுகளை வரிசையாக முறுக்காமல், ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது நேர் எதிரே என்று மாற்றி மாற்றி முறுக்கினார். பிரசங்கம் இல்லாமல் இதில் ஒன்றையும் செய்யவில்லை என்பதுதான் குறை. காருக்கடியில் மல்லாந்து அவர் பிரசங்கிக்க, டார்ச் பிடித்தபடி அம்மாவும் பக்கத்தில் படுத்திருந்தாள்.

"கேட்டியளா, அதுக்க மேல ஒரு..."

"மிண்டாதே. டார்ச்ச நேரா பிடி."

"இல்ல, அந்த சின்ன..."

"சுகிர்தம்! டார்ச்ச நேரா பிடி. அது போதும்."

அம்மா நேராகப் பிடித்தாள்.

வண்டி நெய்யாற்றின்கரை வரை போய்த் திரும்பியது. முற்றத்தில் நிறுத்தி, அடியில் பழைய பத்திரிகையை விரித்தார் அப்பா. பத்தே நிமிஷம். தலைப்புச் செய்தியின் நடுவே ஒரு சொட்டு.

"இது வழியில ஒட்டின எண்ணெ."

இரண்டாவது சொட்டு விழுந்தது.

"இது பசை உருகினது."

மூன்றாவது சொட்டும் விழுந்தது. "பேக்கிங் தாளு சரியில்ல. பிளவுஸ் தாள நம்பினா இப்பிடித்தான்!" என்றார். எடுத்தவர் அவர். குற்றம் தாளுக்கு!

"சாவியத் தாங்க அப்பா," என்றேன்.

"இன்னொரு சான்ஸ். கடைத் தாளு வெச்சு."

"குடுப்போம்," என்றாள் அம்மா.

அடுக்களைக்குப் போய் அரை மணி நேரம் அம்மாவுக்கு உரிமை என்றால் என்னவென்று விளக்கினேன். "வென்ற பிறகு விட்டுக்கொடுப்பதுதான் அம்மா நம் பெண் இனத்தின் சாபம்!" குக்கரின் வெயிட்டைக் கழற்றி, துளையில் அடைத்த கஞ்சிப் பசையை ஊசியால் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "தேங்கா திருவு," என்றாள்.

இரண்டாம் முறை கடைத் தாள். மறுபடி ஆக்சிலை உருவி, தொப்பையைக் கழற்றி, சுரண்டி, துடைத்து, மாட்டி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் அப்பா. நெய்யாற்றின்கரை. பத்திரிகை. சொட்டு.

மூன்றாம் முறை இரண்டு தாள், இரட்டைப் பசை. மாமன் மதிலுக்கு நாற்காலியே கொண்டுவந்துவிட்டார். சொட்டு.

அப்பா சாவியை நீட்டினார். அம்மா அதைத் தையல் மிஷினின் இழுப்பறையில், நூல்கட்டைகளுக்கு நடுவே போட்டுப் பூட்டினாள்.

மறுநாள் அமரவிளையிலிருந்து சபைக்கு ஆர்மோனியம் எடுத்து வரவேண்டிய வேலை அப்பாவுக்கு. தன் காரின் சாவியைத் தானே கேட்டு நின்றார். முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் கொஞ்சம்தான்.

"சாயா குடிங்க, எடுத்துத் தாறேன்," என்றாள் அம்மா. சாவியோடு ஒரு பழைய மிஷின் ஊசியையும் எடுத்துக்கொண்டு காருக்கடியில் போனாள். டார்ச் என் கையில். இரண்டு நிமிஷம். வெளியே வந்து, கையைத் துடைத்து, அப்பாவிடம் சாவியைக் கொடுத்தாள். "சாயங்காலம் திரும்பத் தரணும். திங்கக்கெழம எனக்கு டிரைவிங் கிளாஸ் உண்டு."

ஆர்மோனியம் வந்தது. பழக்கதோஷத்தில் அப்பா பத்திரிகையை விரித்தார். பத்து நிமிஷம். அரை மணி. ஒரு மணி. தாள் சலவை செய்த வேட்டிபோல் கிடந்தது. குனிந்து பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"எட்டி, நீ என்ன செய்த?"

"தொப்பைக்கு மேல ஒரு சின்ன மூடி உண்டுல்லா, நடுவுல துளையோட? மண்ணடச்சு கெடந்துது. குத்தி எடுத்தேன். குக்கருக்க வெயிட்டு அடச்சா ஆவி ரப்பர் வளையம் வழியா பீச்சும். வண்டி ஓடினா உள்ள சூடு ஆகும். காத்து போக வழியில்லேன்னா அது எண்ணெயத் தள்ளாதா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் மாமன் நாற்காலியோடு சாய்ந்து சிரித்தார்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே."

"மொத நாளா! மூணு தடவ கழத்தி மாட்டினேன். நடு ஒடிஞ்சு போச்சு. பின்ன என்னத்துக்குச் சொல்லல்ல?"

இதற்கு என்னிடம் நாலு பகுதிகளில் ஒரு பதில் தயாராக இருந்தது. வாயையும் திறந்துவிட்டேன். அம்மா முந்திக்கொண்டாள். பதினெட்டாவது பிளவுஸின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"டார்ச்ச நேரா பிடிச்சா போதும்னுதானே சொன்னிய? நேராத்தானே பிடிச்சேன்."